ரீலோட் பண்ண 9 எம்எம் தோட்டா 140, உள்ள மருந்து மேல சந்தேகம், பிரிச்சா எதெல்லாம் திரும்ப எடுத்துக்கலாம்?

முத்தியால்பேட்டை_பையன்:

எல்லாருக்கும் வணக்கம். சொந்த ஊரு முத்தியால்பேட்டை, வேலை பாரிஸ் பக்கம், இப்ப 3 வார லீவுல பாண்டில இருக்கேன். முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், தோட்டா எதுவும் இங்க இல்ல, எல்லாம் அங்க என் வீட்டு இரும்பு அலமாரில பூட்டி இருக்கு. அங்க ஷூட்டிங் ஃபெடரேஷன் லைசன்ஸ் இருக்கு, 4 வருஷமா கிளப்ல சுடறேன், சொந்தமா ரீலோடிங், அதாவது வெறும் பித்தளைக் கூட்டுல புதுசா மருந்தும் புல்லட்டும் போட்டு தோட்டா செய்யறது, அங்க சட்டப்படி தப்பில்ல. இந்த குரூப்ல மிலிட்டரில இருந்தவங்க, அமெரிக்கால இருக்கறவங்க எல்லாம் இருக்கீங்கன்னு தெரியும், அதான் இங்க கேக்கறேன், ஊருக்கு வந்தும் மனசு பூரா அந்த அலமாரி மேலயே இருக்கு.

நடந்தது இதான். ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து 150 தோட்டா போட்டேன், கூட்ட நிறுத்தி வைக்கற 50 குழி டிரே மூணு. ரெண்டாவது டிரேல பாதில இருக்கும்போது அம்மாகிட்டேந்து போன், அப்பாவுக்கு கண் ஆபரேஷன் தேதி குடுத்துட்டாங்கன்னு, 20 நிமிஷம் பேசிட்டு வந்தேன், எந்த குழில விட்டேன்னு தெரிஞ்ச மாதிரிதான் இருந்துச்சு, அப்படியே தொடர்ந்து ஊத்திட்டேன். வழக்கமா டார்ச் அடிச்சு ஒவ்வொரு கூடா எட்டிப் பாப்பேன், அன்னிக்கு பாக்கல, நேரா புல்லட்ட வச்சு அமுக்கிட்டேன்.

அடுத்த வாரம் கிளப்புக்கு எடுத்துட்டுப் போனேன். 9 நல்லா போச்சு. பத்தாவது "டப்"னு ஒரு சின்ன சத்தம், கைல உதையே இல்ல, ஸ்லைடும், அதான் துப்பாக்கியோட நகர்ற மேல் பாகம், பின்னாடி வரல. நான் ஸ்லைட இழுத்து அடுத்தத ஏத்தலாம்னு கை வைக்கறேன், பக்கத்துல இருந்த இன்ஸ்ட்ரக்டர் என் மணிக்கட்ட புடிச்சுட்டாரு. கழட்டிப் பாத்தா புல்லட் குழல்லயே மாட்டிட்டு நிக்குது. மருந்தே இல்லாம பிரைமர் மட்டும், அதான் கூட்டோட அடில ஊசி குத்தினா பொறி விடற சின்ன மூடி, வெடிச்சு புல்லட்ட உள்ள தள்ளி இருக்கு. இன்னொண்ணு சுட்டிருந்தா குழல் என் கைலயே கிழிஞ்சிருக்கும்.

இப்ப மீதி 140 இருக்கு. ஒண்ணுல மருந்து விழாம போயிருக்குன்னா இன்னொண்ணுல ரெண்டு தடவ விழுந்திருக்கலாம் இல்லையா, அதான் தூக்கம் வரல. நான் போடறது வேகமா எரியற பிஸ்டல் பவுடர், கூட்டுல பாதி கூட ரொம்பாது, அதனால டபுளா விழுந்தாலும் வெளிய வழியாது, மேல புல்லட் உக்காந்துட்டா ஒண்ணுமே தெரியாது.

கேள்வி: எடை போட்டே கெட்டத கண்டுபுடிக்க முடியுமா? முடியாதுன்னா புல்லட்ட கழட்டறதுக்கு சுத்தியல் மாதிரி இருக்கற புல்லர் நல்லதா, இல்ல பிரஸ்ல, அதாவது தோட்டா போடற அழுத்து மெஷின்ல, மாட்டற காலெட் (கவ்வற வளையம்) புல்லரா? பிரிச்ச அப்புறம் கூடு, புல்லட், பிரைமர், பவுடர்ல எத திரும்ப எடுக்கலாம், எத கொட்டணும்? வீட்டுல 4 வயசுப் பொண்ணு இருக்கா, அவசரப்பட்டு எதுவும் செய்ய விரும்பல.

---

நெல்லித்தோப்பு_டு_ஹூஸ்டன்:

தலைவா, உங்க இன்ஸ்ட்ரக்டருக்கு ஒரு நல்ல சட்டை எடுத்துக் குடுங்க முதல்ல. சத்தம் கம்மியா கேட்டா நிறுத்தறதுன்னு சொல்றது ஈஸி, சுட்டுட்டு இருக்கற வேகத்துல அது தோணாது.

எடை விஷயம். 9 எம்எம் கூட்டுல வேல செய்யாது, நான் செஞ்சு பாத்து ஏமாந்திருக்கேன். பித்தளைக் கூடு ஒண்ணு ஏறக்குறைய 60 கிரெயின், கம்பெனிக்கு கம்பெனி அதுலயே மூணு நாலு கிரெயின் மாறும், புல்லட் ஒண்ணொண்ணும் ஒரு கிரெயின் கூடக்குறைய இருக்கும். நீங்க தேடற மருந்தே அஞ்சு கிரெயின் பக்கம், அதாவது ஒரு கிராம்ல மூணுல ஒரு பங்கு. கூட்டோட வித்தியாசத்துல அது காணாம போயிடும். பெரிய ரைஃபிள் தோட்டான்னா 40, 50 கிரெயின் மருந்து, அதுல மருந்தே போடாதது தராசுல மாட்டும், உங்களுக்கு அந்த வழி கிடையாது. குலுக்கிப் பாத்து சத்தம் கேக்கறதும் அப்படித்தான், நம்பாதீங்க. 140ஐயும் பிரிக்கணும், "இந்த டிரே நல்ல டிரே"ன்னு எதையும் ஒதுக்கி வைக்காதீங்க, டப்பால கொட்டும்போதே எது எந்த டிரேன்னு போயிடுச்சு.

சுத்தியல் புல்லர் 9 எம்எம்முக்கு போதும். மம்பட்டி காம்பு லூசானா தலகீழா புடிச்சு காம்ப தரைல தட்டுவோமே, இரும்பு தானா இறங்கி இறுகும், அதே கணக்குதான். சுத்தியல் டக்குனு நிக்குது, கூட்ட காலெட் புடிச்சிருக்கு, புல்லட் மட்டும் வந்த வேகத்துல முன்னாடி போயி கழண்டு, மருந்தோட சேந்து தலைல இருக்கற குழில விழுது. புல்லட் கனமா இருந்தா சீக்கிரம் வரும், சின்னதா லேசா இருந்தா பிடிவாதம் புடிக்கும். உங்களது 124 கிரெயின்னா மூணு நாலு தட்டுல வந்துடும்.

தட்டறது இரும்பு பட்டறைக் கல்லு மேல வேணாம், பிளாஸ்டிக் தலை உடையும். மரக்கட்டைய நிமித்தி வச்சு அதோட வெட்டுமுகத்துல தட்டுங்க. ஒரே அடில கழட்டணும்னு ஓங்கி அடிக்க வேணாம், நிதானமா அதே பலத்துல மூணு தடவ. குழிக்கு அடில ஒரு துண்டு ஸ்பான்ஞ் போட்டா புல்லட் மூக்கு நசுங்காது, அந்த ஸ்பான்ஞ்ல மருந்துத் துகள் ஒட்டும், ஒவ்வொரு தடவையும் தட்டி எடுங்க. புல்லரோட டப்பால மூணு துண்டா ரப்பர் வளையம் போட்டு ஒரு காலெட் வரும், அதத்தான் யூஸ் பண்ணணும். வேகமா முடியும்னு சிலர் பிரஸ்ல கூட்டோட அடிய புடிக்கற ஷெல் ஹோல்டர அதுக்குள்ள சொருகறாங்க, தயவுசெஞ்சு அது வேணாம்.

தட்டறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தோட்டாவையும் திருப்பி பிரைமர் மேல விரல வச்சு தடவுங்க. கூட்டோட அடி மட்டத்துக்கு கொஞ்சம் உள்ள இருக்கணும். துருத்திட்டு இருந்தா அத சுத்தியல்ல போடாதீங்க, தனியா வைங்க. அத அமுக்கி சரி பண்ணலாம்னும் நினைக்காதீங்க, உள்ள மருந்தும் மேல புல்லட்டும் இருக்கும்போது பிரைமர அமுக்கறது கூடவே கூடாது. அதுக்குத்தான் காலெட் புல்லர். பிரஸ்ல மாட்டி புல்லட்டோட உடம்ப கவ்வி மெதுவா இழுக்கும், அதிர்ச்சியே கிடையாது, மருந்தும் கூட்டுக்குள்ளயே நிக்கும், கொட்டாது. ஆனா 9 எம்எம் புல்லட் குட்டை, உருண்டை மூக்கு, கவ்வறதுக்கு வெளிய நேரான இடம் கம்மி, வழுக்கும். அதனால பெரும்பாலானது சுத்தியல், பிரைமர் துருத்தினது ஒண்ணு ரெண்டு இருந்தா கிளப்ல காலெட் வச்சிருக்கறவர்கிட்ட குடுங்க.

கண்ணாடி போடாம ஒரு அடி கூட அடிக்காதீங்க.

---

கடலூர்_ஓடி:

அண்ணே படிக்கவே நடுங்குது, தோட்டாவ சுத்தியல்ல வச்சு அடிக்கறதா? எங்க வீட்டு பக்கத்துல கோயில் திருவிழாக்கு வெடி போடறவங்க இருந்தாங்க, அங்க மருந்து இருக்கற இடத்துல இரும்பு சாமானே வைக்க விட மாட்டாங்க, செருப்பு போட்டுட்டு உள்ள போக கூடாது, ஒரு சின்ன உராய்வு போதும்பாங்க. இது மட்டும் எப்படி வெடிக்காம இருக்கும்னு யாராவது சொல்லுங்க.

இன்னொண்ணும் கேக்கணும், இதுக்கு சம்பந்தம் இருக்கறதால இங்கயே கேக்கறேன். எங்க தாத்தா நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு வச்சிருந்தாரு, பன்னி தொல்லைக்குன்னு 12 போர் ஒத்தக்குழல் லைசன்ஸ்ல வச்சிருந்தாரு, அவரு போய் ரெண்டு வருஷம் ஆச்சு, துப்பாக்கிய அப்பவே ஸ்டேஷன்ல ஒப்படைச்சுட்டாங்க. போன மாசம் பரண் சுத்தம் பண்ணும்போது ஒரு பிஸ்கட் டின்ல 17 தோட்டா இருந்துச்சு, பேப்பர் கூடு, உப்பு காத்துல ஊதி போயிருக்கு, அடில பித்தளைல பச்சையா களிம்பு. மாமா என்ன சொல்றாருன்னா பிளேடால மேல அறுத்து உள்ள இருக்கற ஈயத்த எடுத்தா தேவனாம்பட்டினத்துல வலைக்கு கட்ட குடுக்கலாம்ங்கறாரு. செய்யலாமா?

---

ஓய்வு_சொல்தா:

கடலூர் தம்பி, உங்க மாமாகிட்டேந்து அந்த பிளேட வாங்கி வைங்க. அந்த டின்ன இருந்த இடத்துலயே வச்சுட்டு இத முழுசா படிங்க.

நான் பிரெஞ்சு ராணுவத்துல 15 வருஷம் இருந்துட்டு பாண்டிக்கு வந்தவன். முத நாள்லேந்து எங்களுக்கு சொன்னது, தெரிஞ்ச தோட்டா வேற, தெரியாத தோட்டா வேற. முத்தியால்பேட்டை தம்பி வச்சிருக்கறது தெரிஞ்ச தோட்டா. கூடு அவரு வாங்கினது, பவுடர் அவரு வாங்கினது, தேதி கூட தெரியும், தெரியாதது அளவு மட்டும்தான். உங்க தாத்தா டின்ல இருக்கறது எந்த வருஷத்துது, எத்தன மழைக்காலம் பாத்துது, உள்ள மருந்து எந்த நிலைமைல இருக்கு, ஒண்ணும் தெரியாது. அத பிரிக்கற பேச்சே வேணாம்.

வெடிக்காம எப்படி இருக்கும்னு கேட்டீங்க, நல்ல கேள்வி. திருவிழா வெடில இருக்கறது கருமருந்து. அது பொறி பட்டா போதும், திறந்து கிடந்தாலும் குப்புனு போயிடும். இப்ப தோட்டால இருக்கறது புகையில்லா மருந்து, பஞ்சு நார அமிலத்துல போட்டு எடுத்த சரக்கு. 1884ல பிரான்ஸ்ல போல் வியேய்ங்கற கெமிஸ்ட்தான் இத முதல்ல உருப்படியா செஞ்சாரு, பூத்ர் பேன்னு பேரு, அத நம்பித்தான் 1886ல லெபெல் ரைஃபிள் வந்துச்சு. இது அடைபட்டு எரிஞ்சாதான் அழுத்தம் ஏறும், திறந்த இடத்துல பத்த வச்சா சர்ருனு எரிஞ்சு போகும். மரக்கட்டைல தட்டற அதிர்ச்சிக்கு அது அசையாது. தோட்டால அதிர்ச்சிக்கு வெடிக்கற ஒரே சாமான் பிரைமர், அதுவும் பெரும்பாலும் ஊசியோ வேற எதுவோ நேரா அது மேல குத்தினாத்தான். புல்லர்ல பிரைமருக்குப் பின்னால ஒண்ணும் தொடாம வெறும் இடம் இருக்கு, அதனாலதான் அது பத்திரம். அதே காரணத்துக்குத்தான் 22 ரிம்ஃபயர் தோட்டாவ புல்லர்ல போடவே கூடாது, அதுல வெடிச்சரக்கு நடுவுல இல்ல, விளிம்புக்குள்ள சுத்தி இருக்கு, புல்லர் புடிக்கறதே அந்த விளிம்பத்தான்.

அந்த பூத்ர் பே விஷயத்துல இன்னொண்ணும் இருக்கு, கடலூர் தம்பி கேட்டுக்கணும். இந்த மருந்து பழசானா தானே உள்ளுக்குள்ள அழுகும், அமில ஆவி விடும், அந்த ஆவியே அழுகல இன்னும் வேகமாக்கும், சூடு ஏறும். தூலோன் துறைமுகத்துல 1907 மார்ச்ல இயேனாங்கற போர்க்கப்பல், 1911 செப்டம்பர்ல லிபெர்த்தேங்கற போர்க்கப்பல், ரெண்டும் நின்ன இடத்துலயே வெடிச்சு சிதறுச்சு, நூத்துக்கணக்குல ஆளுங்க போனாங்க. பழி கெட்டுப்போன பூத்ர் பே மேலதான் விழுந்துச்சு. அப்புறம்தான் பிரான்ஸ்ல அந்த மருந்துல டைஃபினைல் அமீன்னு ஒரு சரக்கு கலக்கறது, அந்த அமில ஆவிய அது உறிஞ்சிக்கும், ஆனா அதுவும் ஒரு நாள் தீரும். பவுடர் டப்பாவ திறந்தா மூக்குல புளிப்பா, அமிலம் மாதிரி குத்துச்சுன்னா, துரு கலர்ல தூசி மாதிரி தெரிஞ்சுதுன்னா, அது முடிஞ்சு போன சரக்கு.

முத்தியால்பேட்டை தம்பிக்கு என் கருத்து: கூட்ட எடுத்துக்க, புல்லட்ட எடுத்துக்க, மருந்த கொட்டிடு. 140 தோட்டா மருந்தும் சேத்தா 50 கிராம் கூட வராது. அந்த 50 கிராம காப்பாத்தணும்னுதான் ஆளுங்க தப்பு பண்றாங்க.

---

வில்லியனூர்_வக்கீல்:

சட்டப் பக்கம் மட்டும் சொல்றேன்.

கடலூர் நண்பருக்கு: லைசன்ஸ்தாரர் இறந்துட்டா அந்த லைசன்ஸ் அவரோட முடிஞ்சு போச்சு. 1959 ஆயுதச் சட்டம் 21வது பிரிவு, சட்டப்படி வச்சிருக்க முடியாத நிலைமை வந்தா தேவையில்லாத தாமதம் இல்லாம பக்கத்து போலீஸ் ஸ்டேஷன்லயோ லைசன்ஸ் உள்ள டீலர்கிட்டயோ ஒப்படைக்கணும். துப்பாக்கிய குடுத்தீங்க, தோட்டாவும் அதுல சேந்ததுதான், குடும்பத்துக்கு தெரியாம விட்டுப்போச்சு, அவ்வளவுதான். நீங்களே டின்ன வண்டில வச்சு எடுத்துட்டுப் போகாதீங்க. துப்பாக்கிய ஒப்படைச்சப்ப குடுத்த ரசீத எடுத்துட்டு ஸ்டேஷனுக்குப் போங்க, பழைய ஊதின தோட்டா பரண்ல கிடைச்சுதுன்னு எழுத்துல குடுங்க, அவங்க ஆள் வந்து எடுக்கட்டும். நீங்களா போய் சொல்றது வேற, யாரோ சொல்லி அவங்க வந்து எடுக்கறது வேற.

முத்தியால்பேட்டை நண்பருக்கு: நீங்க கேக்கல, ஆனா சொல்லணும். அந்தச் சட்டத்துல "ஆம்யூனிஷன்"ங்கறதுக்கு அர்த்தம் முழு தோட்டா மட்டும் இல்ல, அதோட பாகங்கள், அத செய்யற மெஷின் எல்லாம் அதுக்குள்ள வருது. செய்யறதுக்கு தனி லைசன்ஸ் வேணும். அதனால பிரான்ஸ்ல நீங்க சர்வசாதாரணமா மேஜைல வச்சிருக்கற பிரைமர் டப்பா, கூடு, புல்லட் எதுவும் இந்த ஊருக்கு வரக்கூடாது. ஷூட்டிங்குக்கு எடுத்துட்டுப் போற பையவே ஊருக்கு வர்றதுக்கும் எடுக்காதீங்க. பை ஓரத்துல ஒரே ஒரு தோட்டா மறந்து கிடந்து சென்னை ஏர்போர்ட்ல ஸ்கேன்ல மாட்டினா 25வது பிரிவுல எஃப்ஐஆர். தெரியாம வந்துதுன்னு ஹைகோர்ட்ல ரத்து ஆன கேஸ் நிறைய இருக்கு, ஆனா ரத்து ஆகற வரைக்கும் டிக்கெட், வேலை, பாஸ்போர்ட் எல்லாம் என்ன ஆகும்னு யோசிங்க.

---

நெல்லித்தோப்பு_டு_ஹூஸ்டன்:

ஐயா சொன்ன சரித்திரம் எனக்கும் புதுசு, நன்றி. ஆனா மருந்து விஷயத்துல கொஞ்சம் மாறுபடறேன், மரியாதையோடதான். டபுள் விழுந்தாலும் விழாட்டியும் பவுடர் ஒரே டப்பாவுதுதானே, அளவுதான் தப்பு, சரக்கு தப்பில்ல. அந்த டப்பா இன்னும் மேஜைல இருக்கு, லேபிள் இருக்கு, ஒரே தடவைல 150ம் போட்டதுன்னா பிரிச்சு அதே டப்பாவுல திரும்ப கொட்டறவங்க நிறைய பேரு, நானும் செஞ்சிருக்கேன்.

---

ஓய்வு_சொல்தா:

நெல்லித்தோப்பு தம்பி, நீங்க சொல்றது கணக்குப்படி சரி. ஆனா அந்த ஆள் அன்னிக்கு எந்த குழில விட்டோம்னு உறுதியா தெரியாம தொடர்ந்து ஊத்தினவரு, அவரே சொல்றாரு. அதே நாள் மேஜைல ஒரே ஒரு பவுடர் டப்பாதான் இருந்துச்சுன்னு அவரால கைய வச்சு சொல்ல முடியுமா? முடியும்னா உங்க வழி, ஒரு துளி தயக்கம்னா என் வழி. புல்லர்லேந்து விழற மருந்துல பித்தளைத் தூசி, ஸ்பான்ஞ் துகள், புல்லட் மேல இருக்கற மெழுகு எல்லாம் கலந்திருக்கும். அத நல்ல டப்பாவுல கொட்டினா அந்த நல்ல டப்பாவும் சந்தேக டப்பா ஆயிடும்.

---

முத்தியால்பேட்டை_பையன்:

ஐயா நீங்க கேட்டதும் யோசிச்சுப் பாத்தேன். மேஜைல ஒண்ணுதான் இருந்துச்சு, ஆனா கீழ் தட்டுல இன்னொரு பவுடரும் இருக்கு, அன்னிக்கு காலைல அத எடுத்தேனா இல்லையான்னு இப்ப கேட்டா தெரியல. அப்ப கொட்டறதுதான். எப்படி கொட்டறது, குப்பைத்தொட்டில போடலாமா?

பிரைமர் பத்தி யாரும் சொல்லல. கூட்டுல உயிரோட இருக்கற பிரைமர வெளிய தள்ளணுமா, எண்ணெய்ல ஊற வச்சா செத்துடும்னு எங்கயோ படிச்சேன்.

---

நெல்லித்தோப்பு_டு_ஹூஸ்டன்:

ஐயா ஜெயிச்சுட்டாரு, தெரியலன்னு வந்துட்டா கொட்டறதுதான், மறு பேச்சு இல்ல.

குப்பைத்தொட்டி வேணாம், பாத்ரூம் டிரெயின் வேணாம். 50 கிராம்தானே, வெளிய புல்தரைல மெல்லிசா தூவி விடுங்க, அது தண்ணில கரையாது, மெதுவா சிதைஞ்சு போகும், அதுல நைட்ரஜன் இருக்கு, ஒரே இடத்துல குவிச்சு போடாதீங்க, புல்லு கருகும். தோட்டம் இல்லன்னா துப்பாக்கிக் கடைல கேளுங்க.

எண்ணெய் கதைய விடுங்க. ஊற வச்ச பிரைமர் காஞ்சதும் திரும்ப வெடிச்சிருக்கு, செத்துதான்னு வெளிய பாத்து சொல்லவே முடியாது. உங்க பிரைமருக்கு ஒரு குறையும் இல்லையே, எதுக்கு வெளிய தள்ளணும்? கூட்டுலயே இருக்கட்டும், பிரைமர் போட்ட கூடாவே திரும்ப யூஸ் பண்ணுங்க. கவனிக்க வேண்டியது ஒண்ணுதான், கூட்ட சைஸ் டைல, அதாவது பழைய அளவுக்கு இறுக்கற அச்சுல, விடும்போது நடுவுல இருக்கற பிரைமர் தள்ளற ஊசிய முதல்ல கழட்டிடணும். மறந்தா அந்த டை உயிரோட இருக்கற பிரைமர தள்ளும். பிரைமர வெளிய எடுத்தே ஆகணும்னு ஒண்ணு ரெண்டு வந்தா கண்ணாடி போட்டு, காதுக்கு போட்டு, பிரஸ்ஸ ரொம்ப மெதுவா அழுத்தணும், பக்கத்துல பவுடரும் வேற பிரைமரும் இருக்கக்கூடாது.

ஏன் சைஸ் பண்ணணும்னா, ஒரு தடவ புல்லட் உக்காந்து கழண்ட கூட்டோட வாய் இளகிப் போயிருக்கும். புதுசா புல்லட் வச்ச அப்புறம் கட்டை விரலால மேஜைல அழுத்திப் பாருங்க, உள்ள இறங்கவே கூடாது. 9 எம்எம் சின்ன கூடு, புல்லட் ஒரு மில்லிமீட்டர் உள்ள போனாலே அழுத்தம் எகிறும். பிடிப்பு இல்லாத கூடு பித்தளைக் கடைக்கு, ஆனா உயிரோட பிரைமர் இருக்கற கூட்ட அப்படியே குடுக்காதீங்க.

இன்னொண்ணு, 140 மருந்தையும் ஒரே கிண்ணத்துல கொட்டாதீங்க. ஒவ்வொண்ணா தராசுல போட்டுப் பாத்து எழுதுங்க. கொட்டப் போறத எதுக்கு எடை போடணும்னு தோணும். ஆனா அன்னிக்கு என்ன நடந்துதுன்னு உங்களுக்கு தெரிய வேற வழி இல்ல.

---

ஓய்வு_சொல்தா:

எடை போடச் சொன்னது ரொம்ப சரி. பொண்ணு தூங்கின அப்புறம் உக்காரு தம்பி, கதவ சாத்திட்டு ஜன்னல திறந்து வை. பிரைமர்லயும் புல்லட்லயும் ஈயம் இருக்கு, முடிஞ்சதும் கைய சோப்பு போட்டு கழுவிட்டு சட்டைய மாத்திட்டுத்தான் பொண்ண தூக்கணும். போனை பக்கத்து ரூம்ல வச்சுடு. ஒரே ராத்திரில 140ம் வேணாம், கை அசந்துடும்.

---

கடலூர்_ஓடி:

வக்கீல் சார் சொன்ன மாதிரியே ரசீத எடுத்துட்டு அப்பாவோட ஸ்டேஷன் போயிட்டு வந்தேன். பயந்துட்டேதான் போனோம். ரெண்டு பேரு வீட்டுக்கு வந்து எண்ணிப் பாத்து 17ன்னு எழுதி கையெழுத்து வாங்கிட்டு மணல் போட்ட வாளில வச்சு எடுத்துட்டுப் போனாங்க, அப்பாகிட்ட ஒரு காப்பி குடுத்தாங்க. மாமாவுக்கு வலைக்கு ஈயம் கடைலயே வாங்கிக் குடுத்துட்டேன். சொல்தா ஐயாவுக்கும் சாருக்கும் ரொம்ப நன்றி.

---

முத்தியால்பேட்டை_பையன்:

6 வாரம் கழிச்சு எழுதறேன், மன்னிக்கணும். அப்பா கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, கூட இருந்துட்டு கிளம்பி வந்தேன்.

நாலு ராத்திரில பிரிச்சேன், ஒரு நாளைக்கு 35ன்னு கணக்கு போட்டுத்தான் ஆரம்பிச்சேன். சுத்தியல் புல்லர்தான், மரக்கட்டைல தட்டற சத்தம் கீழ் வீட்டுக்கு கேக்கும்னு அவங்ககிட்ட முன்னாடியே சொல்லிட்டேன். பெரும்பாலானது மூணாவது தட்டுல கழண்டுது, சிலது ஏழு எட்டு வாங்குச்சு. பிரைமர் துருத்தினது ஒண்ணே ஒண்ணு, அத தொடாம கிளப்புக்கு எடுத்துட்டுப் போனேன், அதே இன்ஸ்ட்ரக்டர்தான் காலெட்ல இழுத்துக் குடுத்தாரு.

ஒவ்வொண்ணா எடை போட்டு நோட்டுல எழுதினேன். முதல் ரெண்டு ராத்திரி எல்லாம் சரியா இருந்துச்சு, எனக்கே ஒரு நம்பிக்கை வந்துடுச்சு, மீதிய விட்டுடலாமான்னு கூட ஒரு நிமிஷம் தோணுச்சு. மூணாவது ராத்திரி 88வது தோட்டா. புல்லர திறந்து கவுத்தா கிண்ணத்துல விழற சத்தமே வேற மாதிரி இருந்துச்சு. தராசுல போட்டா கரெக்டா ரெண்டு மடங்கு. கொஞ்ச நேரம் அத பாத்துட்டே உக்காந்திருந்தேன், அன்னிக்கு மேல செய்யல. நாலாவது ராத்திரி இன்னும் ஒண்ணு, அதுவும் ரெண்டு மடங்கு. மருந்து இல்லாதது வேற எதுவும் வரல.

கூடு 140ல 133 திரும்ப எடுத்துக்கிட்டேன், 6 பிடிப்பு இல்லாம போச்சு, பிரைமர் துருத்தின அந்த ஒண்ணயும் எடுக்கல. புல்லட் கிட்டத்தட்ட எல்லாம் நல்லா இருக்கு, மூக்கு நசுங்கின ஒரு பத்த பயிற்சிக்கு வச்சிருக்கேன். மருந்த ஒரு கிராம் கூட வச்சுக்கல, கிளப்புக்கு பின்னாடி புல்லுல அவங்ககிட்ட கேட்டுட்டு தூவிட்டேன்.

இப்ப டிரேல ஊத்தறதுக்கு முன்னாடி எல்லா கூட்டையும் கவுத்து வைக்கறேன், மருந்து போட்டது மட்டும்தான் நிமிர்ந்து நிக்கும், ஒண்ணு போட்டதும் டார்ச் அடிச்சுட்டு உடனே அதுல புல்லட்ட வச்சுடறேன். அம்மா ஞாயித்துக்கிழமை சாயங்காலம்தான் கூப்புடுவாங்க, அதனால இத சனிக்கிழமைக்கு மாத்திட்டேன்.